சுய விழிப்புணர்வை நாமே அளந்து பார்க்க முடியுமா?

செங்காந்தள் (கேள்வி)

சுய விழிப்புணர்வு பற்றி எங்கே படித்தாலும் "உன்னை நீ அறிந்துகொள்" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அறிந்துகொண்டோமா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்வது என்று யாரும் சொல்வதில்லை.

இணையத்தில் கிடைக்கும் பத்துக் கேள்வித் தேர்வுகளில் "என் உணர்ச்சிகளை நான் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கும். "முழுக்க உண்மை" என்று டிக் செய்தால் மதிப்பெண் ஏறுகிறது. தன்னைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரும் அதே இடத்தில்தானே டிக் செய்வார்? தேர்வு எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்துகிற மாதிரி இருக்கிறது.

கேள்வித்தாள்களில் உருப்படியானவை எவை, அவற்றின் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது? கேள்வித்தாள் இல்லாமல் அளக்க வழி உண்டா? மற்றவர்களிடம் கேட்கலாம் என்றால், "நீங்க நல்ல மனுஷன்தான்" என்பதைத் தாண்டிப் பதில் வரவைப்பது எப்படி? விவரமாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல்

உங்கள் சந்தேகம் சரியானது. தன்னைப் பற்றி அடிக்கடி யோசிப்பது வேறு. யோசித்துக் கண்டுபிடித்தது சரியாக இருப்பது வேறு. பெரும்பாலான கேள்வித்தாள்கள் முதலாவதைத்தான் அளக்கின்றன.

1975இல் ஃபெனிக்ஸ்டீன், ஷையர், பஸ் மூவரும் வெளியிட்ட கேள்வித்தாளில் 23 வரிகள். உள்மனதின் மீதான கவனத்துக்கு 10, மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்ற கவனத்துக்கு 7, கூச்சத்துக்கு 6. இது கவனம் எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். அந்தக் கவனத்தால் ஏதாவது புரிந்ததா என்று காட்டாது.

உங்களுக்குப் பயன்படக்கூடியது 2002இல் கிராண்ட், ஃபிராங்க்ளின், லாங்ஃபோர்ட் உருவாக்கிய 20 வரிக் கேள்வித்தாள். அதில் 12 வரிகள் "எவ்வளவு யோசிக்கிறீர்கள்" என்பதற்கு, 8 வரிகள் "எவ்வளவு தெளிவு கிடைக்கிறது" என்பதற்கு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கிப் பார்ப்பதில் பயனில்லை. இரண்டுக்கும் தனித்தனியாகச் சராசரி எடுத்து இடைவெளியைப் பாருங்கள். யோசனை அதிகம், தெளிவு குறைவு என்று வந்தால் ஒரே விஷயத்தை மனசுக்குள் அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த ஆய்விலேயே, டைரி எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு யோசனை மதிப்பெண் கூடுதலாகவும் தெளிவு மதிப்பெண் குறைவாகவும் இருந்தது. டைரி கெடுதல் என்று இதற்கு அர்த்தமில்லை. குழப்பத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதுகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் "தினமும் எழுதுகிறேன், அதனால் என்னை எனக்குத் தெரியும்" என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவே சிரமப்படுகிறவர்களுக்கு டொரன்டோ அலெக்ஸிதிமியா கேள்வித்தாள் இருக்கிறது. 20 வரிகள், மொத்தம் 20 முதல் 100 வரை. 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தச் சிரமம் குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். "எனக்கு இது வரமாட்டேன் என்கிறது" என்று ஒருவர் ஒப்புக்கொள்ளும் தகவல், "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற தகவலைவிட நம்பகமானது. அதனால் இந்த மாதிரிக் கேள்வித்தாளை மேல் எண்ணுக்கு மட்டும் நம்புங்கள். குறைந்த எண் வந்தால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று. நமக்குள் நடப்பதில் எல்லாவற்றையும் ஒரே தெளிவோடு பார்க்க முடியாது. இப்போது கோபமாக இருக்கிறேனா என்பது ஓரளவு தெரியும். ஏன் கோபம் என்று கேட்டால் அங்கே பெரும்பாலும் ஊகம்தான். நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977இல் எழுதிய கட்டுரையில் வரும் காலுறைச் சோதனை இதற்குத் தெளிவான சாட்சி. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இடது ஓரத்தில் இருந்ததைவிட வலது ஓரத்தில் இருந்ததை மூன்று மடங்குக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தார்கள். காரணம் கேட்டால் பின்னல், மென்மை என்றெல்லாம் சொன்னார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவர்கூடத் தாமாகச் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை அவர்கள். காரணம் தெரிந்ததாகவே உணர்ந்தார்கள்.

ஆகவே உங்கள் தெளிவைச் சோதிக்க வெளியிலிருந்து ஏதாவது ஒன்று வேண்டும்: பின்னால் நடந்த சம்பவம், பதிவான எண், இன்னொருவரின் கண். அந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாத எந்தத் தேர்வும் நீங்கள் சொன்ன குறையிலிருந்து தப்பாது.

முன்கணிப்பு

கேள்வித்தாள் இல்லாத வழி: உங்களைப் பற்றி நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள், நடந்ததோடு ஒப்பிடுங்கள். என் மதிப்பில் இதுதான் ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய சோதனைகளில் நேர்மையானது.

எக்செல் போதும், நோட்டும் போதும். ஆறு பத்தி: எழுதிய தேதி, கணிப்பு, எத்தனை சதவீத உறுதி, எப்போது முடிவு தெரியும், எப்படித் தெரியும், நடந்ததா இல்லையா. ஐந்தாவது பத்தியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "இந்த வாரம் பொறுமையாக இருப்பேன்" என்பது கணிப்பே அல்ல. வார முடிவில் எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். "வியாழக்கிழமைக் கூட்டத்தில் யார் பேச்சிலும் குறுக்கிடமாட்டேன், 70%, பக்கத்தில் இருப்பவர் எண்ணிச் சொல்வார்" என்பது கணிப்பு.

நான்கு வகையிலும் கலந்து எழுதுங்கள்: ஒரு வேலை எப்போது முடியும், ஒரு சம்பவத்துக்குப் பிறகு மனநிலை 0–10இல் எத்தனையில் நிற்கும், நெருக்கடியில் என்ன செய்வேன், மற்றவர் என் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வார். ஒருவருக்கு வேலை நேரத்தில் கணிப்பு துல்லியமாகவும் மனநிலையில் படுமோசமாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சராசரி எடுத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

கணக்கு எளிது. உறுதியைத் தசமமாக எழுதுங்கள். நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. வித்தியாசத்தை வர்க்கப்படுத்துங்கள். 80% என்று சொல்லி நடந்தால் 0.04, நடக்காவிட்டால் 0.64. எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் பிரையர் ஸ்கோர்; குறைவாக இருந்தால் நல்லது. வானிலை முன்னறிவிப்பைச் சோதிக்க கிளென் பிரையர் 1950இல் முன்வைத்த முறை. எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50% போட்டால் 0.25 வரும். பத்துக் கணிப்புக்கு 80% சொல்லி எட்டு நடந்தால் 0.16. ஐந்துதான் நடந்தது என்றால் 0.34. அதாவது உங்களைப் பற்றி உங்களுக்கு இருக்கும் நம்பிக்கை, ஒன்றும் தெரியாது என்று சொல்வதைவிட மோசமாக வேலை செய்கிறது.

சிறிய எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வரவேண்டாம். உண்மையிலேயே 80% சரியாகச் சொல்கிறவருக்கும், பத்தில் ஆறோ அதற்குக் குறைவோ நடப்பதற்கு 12% வாய்ப்பு இருக்கிறது. ஒரு வகைக்கு 30 கணிப்பாவது சேரட்டும்.

கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. கணிப்பை எழுதியதாலேயே அதை நிறைவேற்றிக் காட்டுவது: "ஆறு மணிக்கு எழுவேன் 90%" என்று எழுதிவிட்டு அதற்காகவே எழுந்தால் அங்கே அளக்கப்படுவது பிடிவாதம். நிச்சயமாக நடக்கிறவற்றை மட்டும் எழுதுவது: 95% வரிசையாக வந்தால் ஸ்கோர் அழகாக இருக்கும், தகவல் பூஜ்யம். மூன்றாவது, முடிவு தெரிந்த பிறகு பழைய வரியைத் திருத்துவது. நோட்டில் பேனாவால் எழுதினால் இது குறையும்.

இவ்வளவு செய்தாலும் அரைக்கிணறுதான். உங்களை நன்கு தெரிந்த ஒருவரிடம் அதே கணிப்புகளை, உங்கள் எண்ணைக் காட்டாமல், போடச் சொல்லுங்கள். அவர் ஸ்கோர் உங்களுடையதைவிடக் குறைவாக வருகிற வகை எதுவோ, அங்கேதான் உங்களுக்குக் கண் தெரியவில்லை. 1999இல் மெக்டொனால்ட், ராஸ் இருவரும் காதல் உறவுகளை வைத்துச் செய்த ஆய்வில், உறவு எத்தனை நாள் நிலைக்கும் என்பதைக் காதலிக்கிறவர்களைவிட அவர்களுடைய அறைத்தோழர்கள் சரியாகக் கணித்தார்கள். நேரக் கணிப்பிலும் இதே கதைதான். 1994இல் ப்யூலர் குழுவினர், மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் சுமார் 34 நாள், உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். நம்மைப் பற்றிக் கணிக்கும்போது நம் எண்ணத்தைப் பார்க்கிறோம். அடுத்தவர் நாம் இதுவரை செய்ததைப் பார்க்கிறார்.

மறுபக்கம்

மற்றவர்களிடம் கேட்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில், எதைக் கேட்கலாம் என்பது. சிமின் வசீர் 2010இல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான்: பதற்றம், தன்மதிப்புக் குறைவு போன்ற உள்ளுக்குள் இருப்பவற்றில் நாமே நல்ல சாட்சி. அறிவுத்திறன், படைப்பாற்றல் போன்ற, நல்லது கெட்டது என்ற மதிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் விஷயங்களில் நண்பர்கள் நல்ல சாட்சி. கலகலப்பு, பேச்சு போன்ற வெளியில் தெரிவதை யாரும் ஓரளவு சரியாகச் சொல்வார்கள். ஆகவே "நான் உள்ளுக்குள் பயப்படுகிறேனா" என்று நண்பரிடம் கேட்பதில் பெரிய லாபமில்லை. "மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறேனா, என் வாதங்கள் உறுதியாக இருக்கின்றனவா" என்று கேளுங்கள்.

அடுத்து, ஏன் உண்மை வருவதில்லை. கெட்ட செய்தியை உரியவரிடம் சொல்லத் தயங்குவது மனித இயல்பு. ரோசன், டெஸ்ஸர் இருவரும் 1970லேயே சோதித்துக் காட்டியது. "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்பது, பதில் சொல்பவரின் தலையில் முழுப் பாரத்தையும் ஏற்றும் கேள்வி. அதற்கு "நல்ல மனுஷன்" என்றுதான் வரும்.

ஜோஹாரி சாளரம் என்ற முறையைப் பலர் சொல்வார்கள். லுஃப்ட், இங்ஹாம் இருவரும் 1955இல் உருவாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்புச் சொற்களில் உங்களுக்குப் பொருந்தும் ஐந்தாறை நீங்களும், நண்பர்களும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அவர்கள் எடுத்து நீங்கள் எடுக்காதவை உங்கள் மறைவிடம். பேச்சைத் தொடங்க நல்லது. ஆனால் பட்டியலில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே பாராட்டுச் சொற்கள். உங்கள் எரிச்சல் குணம் அதில் வர வழியே இல்லை.

நான் சிபாரிசு செய்வது மூன்று பத்தி முறை. நடத்தையைச் சொல்லும் பத்து வாக்கியங்கள் எழுதுங்கள்: "மற்றவர் முடிக்கும் முன் பேச ஆரம்பிக்கிறார்", "சொன்ன நேரத்துக்கு வருகிறார்", "தவறு என்று தெரிந்தால் உடனே ஒப்புக்கொள்கிறார்", "மறுப்பு வந்தால் முகம் மாறுகிறது" என்பது மாதிரி. பாதி நல்லதாக, பாதி நல்லதல்லாததாக இருக்கட்டும். 1 முதல் 7 வரை, கடந்த ஒரு மாதத்தை மட்டும் வைத்து. முதல் பத்தியில் உங்கள் எண். இரண்டாவது பத்தியில், மற்றவர்கள் சராசரியாக என்ன போடுவார்கள் என்ற உங்கள் ஊகம். இவற்றைத் தேதியோடு மூடி வைத்த பிறகு ஆறேழு பேருக்கு அனுப்புங்கள். பெயர் தெரியாத படிவமாக அனுப்புவது முக்கியம். வீடு, வேலை, நட்பு மூன்று பக்கத்திலிருந்தும் ஆள் இருக்கட்டும். அவர்களுடைய சராசரி மூன்றாவது பத்தி.

ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடைவெளி இருந்து, இரண்டும் மூன்றும் ஒட்டியிருந்தால், மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறது, ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே 2 புள்ளிக்கு மேல் இடைவெளி என்றால் அது நிஜமாகவே மறைவிடம். சராசரியை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், பரவலையும் பாருங்கள். நல்லதல்லாத ஒரு வாக்கியத்துக்கு ஆறில் ஒருவர் மட்டும் 7 போட்டிருந்தால் அது அந்த உறவின் பிரச்சினையாக இருக்கலாம். நான்கு பேர் போட்டிருந்தால் உங்களுடையது. கென்னி, டெபவ்லோ 1993இல் தொகுத்துக் காட்டியபடி, பொதுவாக நம்மை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது நமக்கு ஓரளவு தெரியும்; குறிப்பாக எவர் எப்படிப் பார்க்கிறார் என்பதில்தான் தடுமாறுகிறோம்.

பதில் வந்ததும் விளக்கம் கொடுக்காதீர்கள். "அன்னைக்கு வேலை ஜாஸ்தி, அதான்" என்று ஒரு முறை சொன்னால் போதும், அடுத்த முறை உண்மை வராது. நன்றி மட்டும்.

செங்காந்தள்

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். நானும் நண்பரும் வேறு வேறாகச் சொன்னால் யார் சொல்வது சரி என்று எப்படித் தீர்ப்பது? அடுத்து, "ஏன்" என்று தன்னையே கேட்கக் கூடாது, "என்ன" என்றுதான் கேட்க வேண்டும் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். சரியா? இதயத் துடிப்பை எண்ணிப் பார்க்கும் சோதனை ஒன்றும் கண்ணில் பட்டது.

முன்கணிப்பு

இதயத் துடிப்புக்கு மட்டும்: நாடியைத் தொடாமல் 25, 35, 45 விநாடிகளில் எத்தனை துடிப்பு என்று எண்ணிச் சொல்வது, ஷாண்ட்ரி 1981இல் கொண்டுவந்தது. துடிப்பை உணராமலே, நிமிடத்துக்கு 70 இருக்கும் என்ற பொது அறிவை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். நன்றாகச் செய்தால்கூட உடலைக் கவனிக்கும் திறன்தான் தெரியும், உங்கள் குணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. விட்டுவிடுங்கள்.

அளவுகோல்

"ஏன்" என்பதற்கு முழுத் தடை போடுவதை நான் ஏற்கவில்லை. உளவியலாளர் டாஷா யூரிக் 2018இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய அறிவுரை அது. அதில் உண்மை உண்டு: "ஏன் இப்படி இருக்கிறேன்" என்று கேட்டால் முதலில் தோன்றும் பதில் உறுதியான உணர்வோடு வந்து உட்கார்ந்துகொள்ளும், பெரும்பாலும் தன்னைத் திட்டுவதில் முடியும். ஆனால் காரணமே தெரியாமல் எதை மாற்றுவீர்கள்? முதல் பதிலோடு நிற்பதுதான் கோளாறு.

செய்ய வேண்டியது: ஒரு நடத்தைக்கு மூன்று காரணங்களையாவது எழுதுங்கள். மதியத்துக்கு மேல் எரிந்து விழுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தூக்கக் குறைவா, பசியா, குறிப்பிட்ட ஒரு ஆளா? ஒவ்வொரு காரணமும் உண்மையானால் என்ன தெரிய வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். தூக்கம்தான் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாட்களில் எரிச்சல் கூடியிருக்க வேண்டும், ஆள் யாராக இருந்தாலும். இரண்டு வாரம் தூங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், எதிரில் இருந்தவர், எரிச்சல் 0–10 என்று நான்கை மட்டும் குறியுங்கள். பிறகு ஒரு காரணத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

இந்தக் குறிப்பை இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதாதீர்கள். நாள் முடிவில் எழுதும்போது, நடந்தது நினைவுக்கு வருவதற்கு முன்னால் "நான் இப்படிப்பட்டவன்" என்ற நம்பிக்கை வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்போனில் நாளைக்கு ஐந்து முறை ஒழுங்கற்ற நேரங்களில் மணி அடிக்கும்படி வைத்து, அடிக்கும்போது அந்த நொடியில் இருக்கும் உணர்ச்சிக்கு ஒரு சொல், ஒரு எண், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி. இந்த மணியடிப்புக் குறிப்புக்கு ஒரு வாரம் போதும். வாரக் கடைசியில், குறிப்பைப் பார்க்காமலே "இந்த வாரம் சராசரியாக எரிச்சல் எவ்வளவு" என்று ஒரு எண் எழுதிவிட்டு, பிறகு உண்மையான சராசரியைப் போட்டுப் பாருங்கள். அந்த இடைவெளியே ஒரு அளவு. கூடவே எத்தனை வெவ்வேறு சொற்கள் பயன்படுத்தினீர்கள் என்றும் எண்ணுங்கள். 35 குறிப்பிலும் "டென்ஷன்", "பரவாயில்லை" என்ற இரண்டே இருந்தால், எரிச்சலையும் ஆற்றாமையையும் மனத்தாங்கலையும் குற்ற உணர்வையும் ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறீர்கள். நான்குக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

நண்பரோடு கருத்து வேறுபட்டால் வாதம் வேண்டாம். சர்ச்சையை ஒரு நடத்தையாக மாற்றி எண்ணுங்கள். "குறுக்கே பேசுகிறேனா" என்பதற்கு, உடன் இருப்பவர்களின் சம்மதத்தோடு அரை மணி நேர உரையாடலைப் பதிவு செய்து இருவரும் தனித்தனியாக எண்ணினால் தீர்ந்துவிடும். எண்ண முடியாத விஷயமாக இருந்தால், இருவரும் ஒரு கணிப்பு எழுதிக் காத்திருங்கள்.

ஈரநிலம்

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன், இதில் யாரும் சொல்லவில்லை. மனச்சோர்வோ தீவிரப் பதற்றமோ இருக்கும் காலத்தில் இந்த அளவீடுகளைத் தொடங்க வேண்டாம். அப்போது போடும் எண்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும், மற்றவர்கள் தரும் பதிலும் காயமாக மட்டுமே போய்ச் சேரும். 1999இல் டிராப்னல், கேம்ப்பெல் இருவரும் ஆர்வத்தால் தன்னை ஆராய்வதையும், பயத்தாலும் இழப்பாலும் தன்னையே குடைவதையும் தலா 12 வரிகள் வைத்துப் பிரித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வீட்டில் கண்டுபிடிக்க வழி: 15 நிமிடம் டைமர் வையுங்கள். முடியும்போது புதிதாக ஒரு தகவலோ, நாளை செய்ய ஒரு காரியமோ தாளில் இல்லை என்றால் அது குடைச்சல். எழுந்து வேறு வேலை பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருந்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள்.

செங்காந்தள்

கவனத்தில் வைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஆரம்பிக்கலாமா? எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்ப அளப்பது?

மறுபக்கம்

ஒரே சமயத்தில் வேண்டாம், பத்து நாளில் சலித்துவிடும். முதல் வாரம் மணியடிப்புக் குறிப்பு மட்டும். இரண்டாவது வாரம் மூன்று பத்தி வாக்கியங்களை எழுதி அனுப்புங்கள். பதில் வர ஒரு வாரம் விடுங்கள். கணிப்பு நோட்டை அதற்குப் பிறகு தொடங்கி, மூன்று பத்தியில் இடைவெளி பெரிதாக வந்த ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றிக் கணிப்புகளை எழுதுங்கள்.

மூன்று பத்திப் படிவத்தை மூன்று மாதம் ஆகும் வரை மறுபடி அனுப்பாதீர்கள். அதற்குள் அனுப்பினால் பழைய பதில் நினைவில் இருக்கும், கேட்கிறவர்களுக்கும் தொல்லை. அதே பத்து வாக்கியம், ஒரு எழுத்தும் மாற்றாமல். மாற்றினால் ஒப்பிட முடியாது. ஆட்களில் மட்டும் பாதிப் பேரைப் புதியவர்களாக வையுங்கள். பழையவர்கள் நீங்கள் முயற்சி செய்வதைப் பார்த்திருப்பார்கள், இரக்கப்பட்டு ஒரு புள்ளி கூட்டிப் போடுவார்கள். புதியவர்களுக்குத் தனிப் படிவம் அனுப்பி, அவர்களின் சராசரியைத் தனியாக எடுத்து, முந்தைய எண்ணோடு அதை ஒப்பிடுங்கள்.